உப்புப் பார்க்காத சாளைக் கறி

பிள்ளைகள், நான் மீன் கறி வைக்கும்போது உப்புப் பார்ப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அகப்பையில் கொஞ்சம் குழம்பை எடுத்துக்கொண்டு போய் உங்கள் அம்மாவின் உள்ளங்கையில் விடுவேன். அவர் நக்கிப் பார்த்துவிட்டு, "காணும்" என்றோ "இன்னும் கொஞ்சம்" என்றோ சொல்லுவார். பருப்புக்கும் கீரைக்கும் நானே பார்க்கிறேன். மீனுக்கு மட்டும் இந்த ஊர்வலம். அப்பாவுக்கு நாக்கு வேலை செய்யாது என்று மூத்தவள் சிநேகிதிகளிடம் சொல்லித் திரிகிறாள். சொல்லட்டும்.

போன மாதம் சின்னவன் பள்ளிக்கூடத்தால் வந்தான். சைக்கிளைச் சாத்தக்கூட இல்லை, என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். "அப்பா, நான் பிறந்த உடன அம்மாவுக்கு விசர் பிடிச்சதாம். மெய்யோ?"

அம்மாவுக்குப் பைத்தியம் என்று யாரோ ஒரு பெரிய ஆள் கதையோடு கதையாகச் சொல்லியிருக்கிறார். நான் "போய்ச் சாப்பிடு" என்று அனுப்பிவிட்டேன். அது மறுமொழி இல்லை. ஆனால் வாயால் சொல்ல வெளிக்கிட்டால் நான் நடுவில் சிரித்துவிடுவேன், அல்லது வேறெங்கேயோ போய்விடுவேன். அதனால் எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு வயலில் இறங்கினவன். எழுத்துப்பிழை இருந்தால் மூத்தவள் திருத்தட்டும். சின்னவனின் கேள்வியும் உப்புக் கதையும் ஒரே கதைதான்.

அப்போது நாங்கள் வட்டக்கச்சியில், வாய்க்கால் கரையில் இருந்தோம். சமாதானம் வந்து யாழ்ப்பாணப் பாதை திறந்து அடுத்த வருசம். சண்டை இல்லை. யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் பஸ் ஓடியது. குளம் நிரம்பியிருந்தது. சனம் வேலி அடைத்து, கிணறு இறைத்து, தள்ளிப்போட்டிருந்த கலியாணங்களையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து முடித்துக்கொண்டிருந்தது. பிறகு வந்த காலம் உங்களுக்குத் தெரியும், அது இதற்குள் வேண்டாம். இது நல்ல காலத்துக் கதை.

அதற்கு முன் அம்மா எப்படி இருந்தார் என்று சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் மிச்சம் விளங்காது. அம்மாவின் சிரிப்பு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கேட்கும். வயலில் நின்றபடியே, வீட்டுக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று அந்தச் சிரிப்பை வைத்து நான் சொல்லிவிடுவேன். அதோடு அவர் பெரிய நடிகை. நான் உரமூட்டை தூக்கும்போது என் முகம் போகிற போக்கை அயலட்டைக்கெல்லாம் நடித்துக் காட்டியவர். ஒரு தரம் கூட்டுறவுச் சங்கக் கடை வரிசையில் வைத்தே காட்டினார். நானும் அந்த வரிசையில்தான் நின்றேன்.

சின்னவன் பிறந்து கொஞ்ச நாளில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. முதலில் களைப்பு என்று நினைத்தோம். பிறகு அம்மா தலை இழுத்துப் பின்னுவதை விட்டார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். பிள்ளை பக்கத்தில் கிடந்து வீரிட்டு அழும், கேட்காதவர்போல இருப்பார். தூக்கிக் கொடுத்தால் பால் கொடுப்பார், ஆனால் முகத்தைப் பார்க்க மாட்டார். ஒரு நாள் என்னிடம், "என்னை விட வேற ஆராவது இந்தப் பிள்ளையை வளர்த்தால் நல்லம்" என்றார். நாளைக்கு மழை வரும் என்பதைப்போலச் சொன்னார். அன்றிலிருந்து நெல், தண்ணீர், உரம் எல்லாம் எனக்கு இரண்டாவதாகிவிட்டன. அந்தச் சிரிப்பு திரும்பி வரவேண்டும், அவ்வளவுதான்.

உதவிக்கு என் அக்கா, உங்கள் மாமி, மாங்குளத்திலிருந்து பெட்டியோடு வந்து இறங்கினார். வந்த அன்றே குசினி அவர் கைக்குப் போய்விட்டது. மல்லி, மிளகு, மஞ்சள், உள்ளி எல்லாம் அரைத்துச் சரக்குக் கறி வைத்தார். அதற்குள் போகிற மீன் விளைமீன், ஒட்டி, ஓரா என்று சதை வெள்ளையான மீனாக இருக்கவேண்டும். சாளை, சூடை, கும்பிளா வாசலுக்கே வரக்கூடாது. அவை கிரந்தி. பிள்ளை பெற்றவள் அவற்றைத் தின்றால் பாலோடு போய்ப் பிள்ளைக்குச் சொறி சிரங்கு போடும் என்பது எங்கள் ஆட்களின் கணக்கு. மாமி அந்தக் கணக்கில் ஒரு சதம் விட்டுக்கொடுக்காதவர்.

மாமியின் சரக்குக் கறிக்கும் அம்மா எழும்பவில்லை. நூல் கட்டிப் பார்த்தோம், விபூதி போட்டுப் பார்த்தோம். கடைசியில் நான் பஸ் ஏறி வற்றாப்பளைக்குப் போனேன். கண்ணகை அம்மன் முன்னால் நின்று, "அம்மாளே, இவள் சிரிச்ச முகத்தோட வந்து உனக்குப் பொங்கும்மட்டும் எங்கட வீட்டில மச்சம் இல்லை" என்று நேர்த்தி வைத்தேன். மீன், இறைச்சி, முட்டை ஒன்றும் இல்லை. திரும்பி வந்து சொன்னபோது மாமிக்குப் பெரிய சந்தோசம். அன்றே மீன்சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான், பிள்ளையை நிறுக்க வந்த மிட்வைஃப் பிள்ளையை விட்டுவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் மனநலக் கிளினிக் நடக்கிறது, கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கோ என்றார். அப்போது சின்னப் பிள்ளையாக இருந்த மூத்தவளை அயலில் விட்டுவிட்டு, ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் பிடித்து, பின்பெட்டியில் பாய் விரித்து, அம்மாவையும் சின்னவனையும் மாமியையும் ஏற்றிக்கொண்டு போனேன்.

டொக்டர் ஒரு பெண். அவசரப்படாத ஆள். அம்மாவிடம்தான் முதலில் கதைத்தார். அம்மா ஓம், இல்லை என்று மட்டும் சொன்னார். நித்திரை, பசி, பிள்ளை, என்னென்ன நினைப்பு வருகிறது என்று எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், "என்ன சாப்பிடுறவா?" என்று எங்களைப் பார்த்தார்.

மாமி முந்திக்கொண்டார். "சுத்த சைவம் டொக்டர். மச்சம் வாசலால உள்ளுக்கு வராது. தம்பி அம்மாளுக்கு நேர்த்தி வைச்சிருக்கிறான்."

"அதுக்கு முந்தி?"

"முந்தியும் கிரந்தி ஒண்டும் குடுக்கேல்லை. சாளை, சூடை கண்ணிலையும் காட்டேல்லை."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "அக்கா, நீங்கள் விலக்கி வைச்சதைத்தான் இப்ப நான் எழுதப் போறன்."

பிறகு அவர் சொன்னதை நான் அன்றைக்கு எப்படி விளங்கினேனோ அப்படியே எழுதுகிறேன். இது விசர் இல்லை. பிள்ளை பெற்ற பிறகு சில பெண்களுக்கு வருகிற மனச்சோர்வு, காய்ச்சலைப்போல இதுவும் ஒரு வருத்தம், ஒரு நோய். அம்மாவின் பிழையும் இல்லை, பிள்ளையின் பிழையும் இல்லை. இதற்கு மருந்துக் குளிசை இருக்கிறது. அதோடு, மூளையில் பெரிய பங்கு கொழுப்பு. அதில் ஒரு வகைக் கொழுப்பை உடம்பு தானாகச் செய்யாது, சாப்பாட்டால்தான் வரவேண்டும். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதும் பால் குடிக்கும்போதும் அதைத் தாயிடமிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. சாளை, சூடை, கும்பிளா மாதிரி எண்ணெய்ப் பிடிப்பான மீன்களில் அது கூட.

"அப்ப, மீன் திண்டால் சுகமாயிடுமோ?" என்று கேட்டேன்.

"அப்பிடி நான் சொல்லேல்லை. குளிசைதான் மருந்து, அதை ஒரு நாளும் விடக்கூடாது. மீன் அதுக்குக் கைகுடுக்கலாம் எண்டு ஆராய்ச்சி செய்யிறவையில சிலபேர் சொல்லினம். சிலபேர் இல்லை எண்டினம். வெளிநாட்டில மீனெண்ணெயைக் குளிசையாக் குடுத்தும் பாக்கினம். என்னட்ட அது இல்லை." கொஞ்சம் சிரித்தார். "ஆனால் உங்களுக்கு முல்லைத்தீவுக் கடல் இருக்குது. நட்டம் ஒண்டும் வராது, குடுத்துப் பாருங்கோ. குளிசைக்கு வாய் காயும், தண்ணி நிறையக் குடுங்கோ. இரவில பிள்ளையை வேற ஆராவது பாருங்கோ, இவ நித்திரை கொள்ளட்டும்."

திரும்பி வரும் வழியெல்லாம் மாமி லாண்ட்மாஸ்டர் சத்தத்துக்கு மேலால் கதைத்துக்கொண்டு வந்தார். "கொழுப்புக் காணாதாம். ஆருக்கு, உன்ர பெண்சாதிக்கோ? கலியாணம் முடிச்ச நாளில இருந்து எனக்குத் தெரிஞ்சு அவவுக்கு அது குறைஞ்சதே இல்லை."

அம்மாவின் வாய் ஓரத்தில் ஏதோ அசைந்ததுபோல இருந்தது. லாண்ட்மாஸ்டர் குலுங்கியதாகவும் இருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் சிக்கல் தொடங்கியது. அம்மா சுகமாக வேண்டும் என்றுதான் மச்சத்தை விட்டேன். இப்போது அம்மா சுகமாக மச்சம் வேண்டும் என்கிறார்கள். நான் குளிசைப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றேன்.

"நேர்த்தியை முறிக்கேலாது தம்பி" என்றார் மாமி. "அம்மாள் கோவக்காரி. வேற ஏதும் வருத்தத்தைத் தந்திட்டால் என்ன செய்வாய்? குளிசையைக் குடு, மீனை விடு."

"டொக்டர் சொன்னதைக் கேட்டனீங்கள்தானே அக்கா."

"டொக்டர் குளிசைதான் மருந்து எண்டவ. மீனைப் பற்றி அவவுக்கே நிச்சயமில்லை."

அது உண்மைதான். அந்த நேரம் பார்த்து ஒழுங்கையில் ஹோர்ன் சத்தம் கேட்டது. மீன் விற்கிற நானா; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். முல்லைத்தீவுக்காரர், இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்துவிட்டுப் பாதை திறந்த பிறகு குடும்பத்தோடு திரும்பி வந்தவர். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். நேர்த்தி வைத்த பிறகு எங்கள் வேலிப் படலையில் நிற்பதில்லை. ஆனால் ஹோர்ன் அடிக்காமல் போகவும் மாட்டார்.

"என்ன தம்பி, சைவக் கடை எப்பிடிப் போகுது?" என்றார்.

நான் படலைக்குப் போனேன். விசயத்தைச் சொன்னேன். பகிடியை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். "என்ட வீட்டுக்காரியும் புத்தளத்தில மகள் பிறந்த நேரம் இப்பிடித்தான் இருந்தவ. எங்களுக்கு அது வருத்தமெண்டே தெரியாது" என்றார். பெட்டியைத் திறந்தார். ஐஸுக்குள் சாளை, வெள்ளித் தகடு மாதிரி. "இண்டைக்கு வந்தது. சொல்லுங்க தம்பி, வேணுமா வேணாமா?"

நான் மாமியைப் பார்த்தேன். மாமி இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்குள்ளே இருந்து ஒரு குரல் வந்தது. மெல்லிய குரல்தான், ஆனால் மூன்று பேருக்கும் கேட்டது.

"நேர்த்தி வைச்சது அவர்தானே மச்சாள். நான் வைக்கேல்லையே."

எத்தனையோ கிழமைக்குப் பிறகு அம்மா தானாகச் சொன்ன முதல் கதை அது. மாமியின் கை இடுப்பிலிருந்து இறங்கிவிட்டது. நானா பெட்டி மூடியைப் பிடித்தபடி சிரித்தார். "தங்கச்சி சொல்றது சட்டம்தானே" என்றார்.

மாமி பிடிவாதக்காரர், ஆனால் அம்மாவின் குரல் அவருக்கும் எவ்வளவு பெரிய விசயம் என்று முகத்தில் தெரிந்தது. கடைசியில் தீர்ப்புச் சொன்னார். வீட்டு அடுப்பில் மீன் ஏறக்கூடாது. வேலிக்கரையில், முருங்கைக்குக் கீழே, மூன்று கல் வைத்து வேறு அடுப்பு. வேறு சட்டி, வேறு அகப்பை. மாமி கை வைக்க மாட்டார். அதனால் சமைக்கிறது நான். சமைத்துவிட்டுக் கிணற்றடியில் கால் கை முகம் கழுவித்தான் வீட்டுக்குள் வரவேண்டும். "ஆனால் நேர்த்தி வைச்சவன் நீ. ஒரு துளி உன்ர வாயில படக்கூடாது" என்றார்.

அப்படித்தான் நான் சமையல்காரன் ஆனேன். அதுவரை தேத்தண்ணி மட்டும் போடத் தெரிந்தவன். சாளையைச் செதில் தட்டி, தலை கிள்ளி, குடல் எடுத்துக் கழுவுவதை நானாதான் படலையில் குந்தியிருந்து காட்டித் தந்தார். "பொரிச்சுப் போடாதீங்க. அதில இருக்கிற எண்ணெய் எல்லாம் தாச்சியோட போயிடும். பழப்புளி விட்டு, கொஞ்சமா மிளகாய்த் தூள் போட்டு, அவிச்சு எடுங்க."

"உப்பு எவ்வளவு நானா?"

"அது வாயில விட்டுப் பாத்துப் போடுறதுதான்."

வாயில் விடத்தான் எனக்கு உத்தரவில்லையே. கையால் அள்ளி, மனதால் அளந்து போட்டேன். குறைந்துவிடுமோ என்று பயந்து இன்னும் கொஞ்சம் போட்டேன்.

அம்மா சாப்பிட்டார். ஒரு செம்பு தண்ணீர் குடித்தார். குளிசைக்கு வாய் காயும் என்று டொக்டர் சொன்னது நினைவுக்கு வர, இன்னொரு செம்பு வார்த்துக் கொடுத்தேன். அதையும் குடித்தார். குளிசை வேலை செய்கிறது என்று எனக்குச் சந்தோசம்.

அதற்குப் பிறகு இதுவே வழக்கம். நானா சாளையோ சூடையோ கொண்டுவருவார். சில நாள் பெட்டிக்கு அடியில் எங்களுக்கென்று கும்பிளா ஒளித்து வைத்திருப்பார். நான் முருங்கைக்குக் கீழே புகைக்குள் குந்தியிருப்பேன், பக்கத்தில் எங்கள் பூனை. வயலுக்குப் போகிற ஆட்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன, பெண்சாதி வெளியால கலைச்சுப் போட்டாவோ?" என்று கேட்பார்கள். ஓம் என்று சொல்லுவேன். இரவில் மாமி சின்னவனைத் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்தார். ஒரு நாள் அவன் கன்னத்தில் சிவப்பாக இரண்டு புள்ளி. "பாத்தியோ, கிரந்தி" என்று மாமி குதித்தார். பிறகு பார்த்தால் மாமியின் கன்னத்திலும் அதே புள்ளி. இரண்டு பேரும் ஒரே கிழிந்த நுளம்பு வலைக்குள் படுத்து நுளம்புக்கடி வாங்கியவர்கள். மாமி மீன் தொட்டதே இல்லை. அதற்குப் பிறகு கிரந்திக் கதை அவ்வளவாக வரவில்லை.

அம்மா ஒரேயடியாக எழும்பவில்லை. இதைப் பொய்யாக எழுத மாட்டேன். ஒரு நாள் எழும்பி வாசலில் இருப்பார், அடுத்த நாள் திரும்பச் சுவரைப் பார்த்துப் படுப்பார். ஒரு நாள் சின்னவனின் கால் விரலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கதவடியில் மூச்சுக் காட்டாமல் நின்றேன்.

பிறகு ஒரு பின்னேரம். நான் வழக்கம்போல அடுப்படியில் குந்தி, சட்டி கொதிக்க, கையில் உப்பை அள்ளிவிட்டேன். முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"இஞ்சேரப்பா, உங்களுக்கு ஆனையிறவு உப்பளத்தில பங்கு ஏதும் இருக்கோ?"

திரும்பிப் பார்த்தேன். அம்மா. தலை இழுத்துப் பின்னியிருந்தார். சின்னவன் இடுப்பில் இருந்தான்.

"ஏன், உப்புக் கூடவோ?" என்றேன்.

"கூடவோ எண்டு கேக்கிறார். பூனை உங்கட கறியைத் திண்டிட்டு என்ன செய்யுது எண்டு பாத்தனீங்களோ?"

பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு நடித்துக் காட்டினார். பூனை மீன் துண்டைக் கண்டதும் வாலை நிமிர்த்திக்கொண்டு வருகிறது. ஒரு வாய் வைக்கிறது. அப்படியே நிற்கிறது. கண்ணை மூடிக்கொண்டு யோசிக்கிறது. பிறகு கிணற்றடி வாளிக்கு ஒரே ஓட்டம். வாளிக்குள் தலையை விட்டு நக்கு நக்கு என்று நக்கிவிட்டு, திரும்பி என்னை ஒரு பார்வை பார்க்கிறது. அந்தப் பார்வையைச் செய்யும்போது அம்மாவுக்கே தாங்கவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. முதலில் மூக்கால் வந்தது, பிறகு வாயால் வந்தது, பிறகு முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கட்டாயம் கேட்டிருக்கும். குசினிக்குள் இருந்த மாமி, சோற்றுப் பானையைத் தூக்கிய கையோடு வெளியே வந்து நின்றார். சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியாது. எனக்கும் புகை கண்ணுக்குள் போய்விட்டது.

"இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"இவ்வளவு நாளும் எனக்கு ஒரு ருசியும் தெரியேல்லை" என்றார் அம்மா. "தண்ணி விடாய்க்கும், குடிப்பன். ஏன் எண்டு தெரியாது. இப்ப ரெண்டு மூண்டு நாளாத்தான் நாக்கில உப்புத் தெரியுது."

பிறகு கையை நீட்டினார். "விடுங்கோ, பாப்பம்." நான் அகப்பையால் ஒரு சொட்டு விட்டேன். நக்கினார். முகத்தைச் சுளித்தார். "ரெண்டு சிரட்டை தண்ணி விடுங்கோ" என்றார். அன்றிலிருந்து உப்புப் பார்ப்பது அம்மா.

எது சுகமாக்கியது என்று கேட்டால், கேட்கிற ஆளைப் பொறுத்தது. மாமியைக் கேட்டால் அம்மாள். நானாவைக் கேட்டால், ஐஸுக்கு அடியில் ஒளித்த கும்பிளா. கிளினிக்கில் டொக்டரிடம் நானே கேட்டேன். "குளிசையைத்தான் முதல்ல சொல்லுவன். நித்திரையும் கைகுடுத்திருக்கும். மீனும் ஒரு பங்கு செய்திருக்கலாம், எனக்குத் தெரியாது. எல்லாத்தையும் விடாமச் செய்யுங்கோ. உப்பை மட்டும் குறையுங்கோ" என்றார். குளிசையை அவர் நிறுத்தச் சொல்லும்வரை அம்மா ஒழுங்காக எடுத்தார்.

வைகாசிப் பொங்கலுக்கு எல்லோரும் வற்றாப்பளைக்குப் போனோம். ஒரே சனம், மணலில் கால் வைக்க இடமில்லை. அம்மா பானை வைத்தார். பால் பொங்கி வருகிற நேரம் மாமி பதைத்துப்போய், "சிரிச்ச முகத்தோட பொங்கவேணும் எண்டு நேர்த்தி. சிரியும், சிரியும்" என்று அம்மாவின் தோளில் தட்டினார். சிரி என்று யாராவது கட்டளை போட்டால் அம்மாவால் அடக்க முடியுமா? சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பானைக்காரர்களும் ஏன் என்று தெரியாமல் சிரித்தார்கள். நேர்த்தி வட்டியோடு தீர்ந்தது.

அடுத்த நாள் நானா சாளை கொண்டுவந்தார். மாமி வீட்டு அடுப்பை எனக்கு விட்டுத் தந்தார். இனி நான் ருசி பார்க்கலாம். அகப்பையை வாயடிக்குக் கொண்டுபோனேன். அப்படியே நிறுத்திவிட்டு, அம்மா இருந்த இடத்துக்குக் கொண்டுபோனேன். அவர் பிள்ளைக்குப் பவுடர் பூசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே கையை நீட்டினார். அந்தக் கை நீளுவதைப் பார்க்கிறதை விட்டுவிட்டு, உப்பை நானே பார்த்து என்ன செய்யப் போகிறேன்?

சின்னவன், இதுதான் உனக்கு மறுமொழி. விசர் இல்லை, வருத்தம். உன்னால் வந்ததும் இல்லை. அம்மா எழும்பி வந்து சிரித்தபோது உன்னை இடுப்பில் வைத்திருந்தார். நம்பாவிட்டால் அவரிடமே கேள். பூனையை நடித்துக் காட்டச் சொல். வாளிக்குள் தலையை விடுகிற இடத்தைத் தவறவிடாதே.

இன்றைக்கும் சாளைதான். கொதிக்கிற சத்தம் கேட்கிறது. அகப்பையோடு போகவேண்டும்.